சைலன்சர் போட்டால் சத்தமே கேட்காதா?

கேள்வி: குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதி வருகிறேன். நாயகன் சைலன்சர் பொருத்திய கைத்துப்பாக்கியால் சுடுகிறான். பக்கத்து அறையில் யாருக்கும் கேட்கவில்லை. குண்டு பட்ட அடியாள் பறந்துபோய்ச் சுவரில் மோதுகிறான். பிறகு நாயகனின் தோளில் குண்டு பாய்கிறது. அவன் சண்டையைத் தொடர்கிறான். இவையெல்லாம் நடக்கக்கூடியவைதானா? படப்பிடிப்பில் வெற்றுத் தோட்டா பயன்படுத்தலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்றுமே திரையில் மட்டும் நடப்பவை.

9 மி.மீ. கைத்துப்பாக்கி வெடிக்கும் சத்தம் ஏறக்குறைய 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். மீதமிருக்கும் சத்தமும் பக்கத்து அறைக்குத் தாராளமாகக் கேட்கும். காரணம் எளிது. குழலிலிருந்து சீறி வெளியேறும் வாயுவின் சத்தத்தைத்தான் சைலன்சரால் அடக்க முடியும். ஒலியின் வேகமான நொடிக்கு சுமார் 340 மீட்டரைத் தாண்டிப் பறக்கும் குண்டு, காற்றைக் கிழித்துத் தனியாக ஒரு வெடியொலி எழுப்பும். அதைச் சைலன்சர் தொடவே முடியாது. வேகம் குறைந்த தோட்டா போட்டால் இந்த ஒலி எழாது. அப்போதும் துப்பாக்கியின் மேற்பகுதி பின்னால் போய்த் திரும்பும் உலோகச் சத்தம் இருக்கும். ஆகவே பக்கத்து அறைக்காரருக்குச் சத்தம் கேட்கட்டும். அது என்ன சத்தம் என்று புரியாமல் அவர் எழுந்து வரட்டும். உங்கள் காட்சிக்கு இதில் பதற்றம் கூடும் என்றே நினைக்கிறேன்.

சைலன்சர் இல்லாமல் மூடிய அறையில் சுட்டால் காது அடைத்து, ரீங்கார ஒலிதான் மிஞ்சும். சுட்ட மறுநொடியே மெல்லிய குரலில் வசனம் பேசுவதும் அதைக் கேட்டுப் பதில் சொல்வதும் நடக்காது.

ஆள் பறப்பதற்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். 8 கிராம் குண்டு நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் 70 கிலோ எடையுள்ளவரைத் தாக்கி உடலுக்குள்ளேயே நின்றுவிட்டால், அவருக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்தான். குண்டு மனிதனைத் தூக்கி எறியும் என்றால், அதே விசை சுட்டவனையும் பின்னால் தள்ளியிருக்க வேண்டும். உண்மையில் குண்டு பட்டவர் நின்ற இடத்திலேயே சரிவார். சில சமயம் பட்டதே தெரியாமல் சில அடிகள் ஓடவும் செய்வார்.

தோள் பாதுகாப்பான இடம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். காரை எலும்புக்கு அடியில் பெரிய தமனி ஓடுகிறது. கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் அங்கேதான் இருக்கிறது. தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். நரம்பு அறுந்தால் அந்தக் கையால் எதையும் பிடிக்க முடியாது.

தோட்டாக்களையும் எண்ணி எழுதுங்கள். நிமிடத்துக்கு 600 தோட்டா வேகத்தில் சுடும் தானியங்கித் துப்பாக்கியின் விசையை விடாமல் அழுத்தினால், 30 தோட்டா மேகசின் 3 நொடியில் காலியாகிவிடும். பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் கடைசித் தோட்டா போனதும் மேற்பகுதி பின்னாலேயே நின்றுவிடும். சுடுபவனுக்கு அது கண்ணில் படும். காலித் துப்பாக்கியின் விசையை அழுத்தி அழுத்தி அவன் திகைக்கத் தேவையில்லை.

வெற்றுத் தோட்டா வேண்டவே வேண்டாம். அதில் குண்டு இல்லை, ஆனால் வெடிமருந்து இருக்கிறது. 1984-இல் நடிகர் ஜான் எரிக் ஹெக்சம் படப்பிடிப்புத் தளத்தில் வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டார். வெடிப்பின் வேகத்தில் மண்டையோடு உடைந்து சில நாட்களில் இறந்தார். 1993-இல் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்ததற்குக் காரணம், காட்சிக்காக வைத்த, வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா ஒன்றின் குண்டு முனை கழன்று குழலில் சிக்கியிருந்ததும், பின்னர் போடப்பட்ட வெற்றுத் தோட்டா அதை வெளியே தள்ளியதும்தான். தேர்ந்த ஆயுதப் பொறுப்பாளர்கள் இருக்கும் பெரிய படங்களிலேயே இப்படி நேர்கிறது என்றால், சிறு குழு இந்த அபாயத்தை ஏற்கவே கூடாது.

சுடவே முடியாத ரப்பர் மாதிரியை வாங்குங்கள். வெளியிடத்தில் படமெடுத்தால் முன்கூட்டியே காவல்துறைக்குத் தெரிவித்துவிடுங்கள். தீப்பொறியையும் ஒலியையும் படத்தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். பின்னுதைப்பை மட்டும் நடிகர்தான் காட்ட வேண்டும்: ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் முனை சற்று மேலே எழும்பி, மணிக்கட்டு அதை மீண்டும் குறிக்குக் கொண்டுவர வேண்டும். இதைப் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டுப் படமெடுங்கள்.