நோட்லிஸ்ட் சேரவில்லையா? காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, பொழுதுபோக்காக ஃபிடோநெட் (கணினிகள் ஒன்றையொன்று அழைத்துக் கடிதம் பரிமாறும் பழைய வலைப்பின்னல்) மென்பொருள் ஓட்டுகிறேன். அதிலுள்ள நோடுகளின், அதாவது உறுப்புக் கணினிகளின், பட்டியல்தான் நோட்லிஸ்ட். 2025 டிசம்பர் வரை அதைப் புதுப்பிக்கும் வாராந்தர டிஃப் கோப்பு ஒழுங்காகச் சேர்ந்தது. ஜனவரியிலிருந்து சேரவில்லை. புதிய நோடுகளுக்குக் கடிதமும் போகவில்லை. ஸ்டாடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) எடுத்து மாதச் சந்தா கட்டினால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்த கேபிள்காரர். கட்டலாமா?
‍– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கட்டாதீர்கள். ஸ்டாடிக் ஐபிக்கும் நோட்லிஸ்டுக்கும் சம்பந்தமே இல்லை. மற்றவர்கள் உங்கள் கணினியை 24554 போர்ட்டில் (இணைப்பு வாசல் எண்) நேரே கூப்பிட வேண்டுமானால்தான் அந்தப் பேச்சு. நீங்களே அப்லிங்கை (உங்களுக்குக் கடிதம் தரும் நோடு) அழைத்துக் கடிதம் எடுக்க, வீட்டில் இருக்கும் இணைப்பு போதும். நோட் எண்ணையே விலைக்கு வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது ஃபிடோநெட் ஒருங்கிணைப்பாளர் கொடுப்பது, விற்பனைச் சரக்கு அல்ல.

விஷயத்துக்கு வருவோம். நோட்லிஸ்ட் வெறும் எழுத்துக் கோப்பு. வெள்ளிதோறும் புதிதாக வரும். பெயருக்குப் பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், அந்த வெள்ளி வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. டிஃப் கோப்பில் முந்தைய வாரத்திலிருந்து மாறியவை மட்டும் இருக்கும். ஒரு வாரம் தவறினால் அதற்குப் பின் வரும் எந்த டிஃப்பும் ஒட்டாது. கரித்தூசியும் நமக்கு, மின்வெட்டும் நமக்கு என்றிருக்கும் வடசென்னையில் ஒரு வெள்ளி தவறுவது அதிசயமா என்ன!

ஆனால் உங்களுக்கு நின்றது ஜனவரியில். அதனால் எனக்குச் சந்தேகம் வேறு. 2025 டிசம்பர் 26-இன் பட்டியல் 360. அடுத்தது, 2026 ஜனவரி 2-இன் பட்டியல், 002. பெரிய எண்தான் புதியது என்று நினைக்கும் ஸ்கிரிப்ட், 360-ஐப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்க உட்கார்ந்திருக்கும். அதற்காக 360-ஐ முன்கூட்டியே அழித்துவிடவும் கூடாது. 002-க்கான டிஃப் அதன்மேல்தான் ஒட்ட வேண்டும். 002 உருவானதும் 360-ஐ வேறு கோப்புறைக்கு நகர்த்துங்கள். 2026 கடைசியிலும் இதே கதைதான்: 359-க்குப் பிறகு 001. நாற்பது வருடத்துக்கு மேலான வலைப்பின்னல், இந்த மூன்று இலக்கத்தை இன்னும் மாற்றவில்லை!

உங்களுக்கு வாரங்கள் ஓடிவிட்டன. எனவே பழைய பட்டியல், டிஃப் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, முழு நோட்லிஸ்டை ஒருமுறை இறக்குங்கள். அதை எடிட்டரில் திறந்து சேமிக்காதீர்கள். வரி முடிவு மாறினால் சிஆர்சி சரிபார்ப்பு (கோப்பு மாறவில்லை என்று உறுதிசெய்யும் கணக்கு) தோற்கும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பு) நோட்லிஸ்டின் பெயரைக் கவனியுங்கள். மூன்று இலக்கத்தை அங்கே எழுத வேண்டாம், பெயர் மட்டும் போதும்.

அப்புறம் கம்பைல், அதாவது பட்டியலை மென்பொருள் தேடும் வடிவத்துக்கு மாற்றுவது. பட்டியல் சேர்ந்தால் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கடிதம் படிக்க, எழுத கோல்டெட் மென்பொருள் வைத்திருந்தால் அதன் கம்பைல் கருவியான கோல்ட்நோட் ஓட்டிய பிறகே புதிய நோடுகள் தெரியும்.

இன்னொன்று: நோட் முகவரியின் முதல் எண் மண்டலம். பழைய வழிகாட்டிகளில் ஆசியாவுக்கு மண்டலம் 6 என்று இருக்கும். 2007-இல் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது 3. கேபிள்காரரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.