மதுரை–திருச்சி விமான நேரம் பத்து நிமிடமா?

மதுரையிலிருந்து திருச்சிக்கு 125 கி.மீ., விமானத்தில் பத்து நிமிடம்தான் என்று பார்த்தும், சிங்கப்பூர் போகும் உங்கள் ஆச்சிக்கு அந்த விமானத்தில் டிக்கெட் கிடைக்கவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். மதுரையிலிருந்து திருச்சிக்கு நேரடிப் பயணிகள் விமானம் கிடையாது. அதனால்தான் எவ்வளவு தேடியும் உங்களுக்கு டிக்கெட் சிக்கவில்லை.

நீங்கள் பார்த்த "125 கி.மீ., பத்து நிமிடம்" என்பது வெறும் கணக்கு. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நேர்கோடு போட்டு, மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்திருப்பார்கள். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது எதுவும் அதில் சேராது.

பயணத் தேதியைப் போட்டுத் தேடி, 'இடைநிறுத்தம்' என்ற இடத்தைப் பாருங்கள். சென்னை என்று வந்தால் வடக்கே போய்த் திரும்பும் சுற்றுவழி. அரைநாள் போய்விடும்.

ஆச்சி காரைக்குடிப் பக்கம் உள்ள கானாடுகாத்தானில் இருந்து சிங்கப்பூர் கிளம்புகிறார் என்றால் மதுரைக்கே போக வேண்டாம். திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்குக் காரில் சுமார் 80 கி.மீ.தான். அப்புறம், விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே, ஊருக்கு முன்னாலேயே வந்துவிடும். நகர நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. மதுரை என்றால் நூறு கி.மீ.க்கு மேல், நிலையமும் ஊரின் தெற்குக் கோடியில். வயதானவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்று மட்டும்: விமான அட்டவணை அடிக்கடி மாறும். காருக்குச் சொல்லும் முன் புறப்படும் நேரத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணம், மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும்.