கப்பலில் வந்த கோதுமை

அன்புள்ள ஐயா,

குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை வடிவமைக்கும் காரணிகளாகப் புவியியல், வரலாறு, பொருளாதாரம், படைவலிமை, தலைமை ஆகியவற்றைப் பாடநூல்கள் சொல்கின்றன. தலைமையே முதன்மையானது என்று எழுதலாமா? 1966-இல் அமெரிக்காவிடம் பணிந்துபோன இந்தியா 1971-இல் நிமிர்ந்தது தலைவரின் துணிவால்தானே?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அந்த இரண்டு ஆண்டுகளிலும் பிரதமர் இந்திரா காந்திதான் என்பதைக்கூட எண்ணிப் பார்க்காமல் துணிவைப் பற்றி எழுதிவிட்டீர்கள். இடையில் மாறியது நம் கிடங்குகளில் இருந்த தானியத்தின் அளவு. புவியியலுக்கும் வரலாற்றுக்கும் உங்கள் பாடநூலே போதும். இந்தத் தானியத்தைப் பற்றித்தான் நான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தபோது, பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வந்த கோதுமையை நம்பியே ரேஷன் கடைகள் நடந்தன. என் பள்ளியில் மதியம் கிடைத்த கோதுமை நொய் உப்புமாவும் பால் பவுடரும் அங்கிருந்து வந்தவையே. பல நாட்கள் அதுவே எனக்கு வயிறாரக் கிடைத்த ஒரே உணவு என்பதால், அதை விளைவித்த விவசாயிகளை நான் ஒருநாளும் பழிக்க மாட்டேன். ஆனால் அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தங்களைத் தவிர்த்து, மாதக்கணக்கில் அளந்து அளந்து கப்பல்களை விடுவித்தார். இந்தியா தன் வேளாண்மையைச் சீர்திருத்த வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்; வியட்நாம் போரை நாம் விமர்சித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. அப்படியிருந்தும் 1966 ஜூலையில் குண்டுவீச்சை நிறுத்தும்படி இந்திரா வெளிப்படையாகக் கேட்டார். அடுத்த கப்பல் எப்போது வரும் என்று தெரியாத நிலையில் அப்படிப் பேசிய அரசைப் பணிந்துபோனது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அதே ஆண்டில் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம், பலத்த எதிர்ப்புக்கு நடுவே, மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையைத் தருவித்தார். 1964–65-இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970–71-இல் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. 1971 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் ஒன்றியத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டபோதும், டிசம்பரில் வங்கதேசப் போரின் நடுவே அமெரிக்கப் போர்க்கப்பலான எண்டர்பிரைஸ் வங்கக் கடலுக்குள் வந்தபோதும், கோதுமையை நிறுத்திவிடுவார்கள் என்ற பழைய அச்சம் டெல்லியை ஆட்டிவைக்கவில்லை.

தலைமை என்றுதான் எழுதுவேன் என்றால், சுப்பிரமணியத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அந்த விதையின் முழுப் பலன் தெரிவதற்குள், 1967 தேர்தலில் அவர் தோற்றுப்போனார்.