கொரிய உணவகத்தில் முதன்முதலில் எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: அலுவலகப் பயிற்சிக்காக வரும் ஜூலை மாதம் சியோல் செல்கிறேன், மனைவியும் உடன் வருகிறார். இருவரும் இதுவரை கொரிய உணவைச் சாப்பிட்டதில்லை. நான் கோழியும் மீனும் உண்பேன். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் உண்பதில்லை. மனைவி சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வார். காரம் எங்களுக்குப் பழக்கம் என்பதால், நண்பர்கள் சொன்னபடி தொக்போக்கியிலும் கிம்ச்சி ஜிகேயிலும் தொடங்கலாம் என்று நினைக்கிறோம். இது சரிதானா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த இரண்டிலும் தொடங்க வேண்டாம். மிளகாய் சேர்த்துப் புளிக்கவைத்த முட்டைக்கோஸான கிம்ச்சியைக் கொண்டு செய்யும் கிம்ச்சி ஜிகே என்னும் கொதிக்கும் குழம்பில் பெரும்பாலான கடைகளில் பன்றி இறைச்சி இருக்கும். அரிசி மாவுத் துண்டுகளைச் சிவந்த சாற்றில் வேகவைக்கும் தொக்போக்கியில் மீன் மாவு அடைகள் சேர்வதோடு, சாறும் பெரும்பாலும் உலர் நெத்திலியைக் கொதிக்கவைத்து எடுத்ததாகவே இருக்கும். எனவே முன்னது உங்கள் இருவருக்குமே ஆகாது. பின்னது உங்கள் மனைவிக்கு ஆகாது. காரம் பழகிய நாக்கு என்பதும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. கோச்சுஜாங் என்னும் மிளகாய் விழுதின் காரம் இனிப்போடும் புளித்த சோயாவின் மணத்தோடும் சேர்ந்தே வருவது. அதை முதல் நாளே ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்டுவிட்டு, கொரிய உணவு என்றாலே இனிப்பு கலந்த காரம்தான் என்ற முடிவோடு திரும்பியவர்கள் பலர்.

மிளகாய் கொரியாவுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான். அதற்கு முன்பே சோறு, தெளிந்த சாறு, புளிக்கவைத்த சோயா, எள் நெய், கீரைகள், உப்பிட்ட காய்கள் ஆகியவற்றைக் கொண்டு அந்தச் சமையல் உருவாகியிருந்தது. ஆகவே காரமற்ற பக்கத்திலிருந்து நுழைவதே அந்த உணவை அறிந்துகொள்ளச் சரியான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் ஜூலையில் செல்வது நல்வாய்ப்பு. கோடையின் மிக வெப்பமான காலத்தில் வரும் மூன்று 'போக்' நாட்களில் கொரியர்கள் தேடிச்சென்று உண்பது சம்கேதாங். இளங்கோழியின் வயிற்றுக்குள் ஒட்டரிசி, பூண்டு, சீமை இலந்தைப்பழம், ஜின்செங் வேர் ஆகியவற்றை வைத்து, இறைச்சி எலும்பிலிருந்து தானே விலகும்வரை வேகவைத்து, சட்டியோடு கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைப்பார்கள். சாற்றில் உப்பு அநேகமாக இருக்காது. மேசையில் உள்ள உப்பையும் மிளகுத்தூளையும் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் சப்பென்று இருக்கிறது எனக் குறை சொல்பவர்கள் உண்டு. உங்களுடைய முதல் உணவாக இதையே பரிந்துரைக்கிறேன்.

அடுத்து ஆன்தொங் ஜிம்தக்: கோழித்துண்டுகளை உருளைக்கிழங்கு, கேரட், சர்க்கரைவள்ளி மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸ் ஆகியவற்றோடு சோயா சாறில் வேகவைத்த உணவு. பெரிய தட்டில் வரும். இருவர் மூவர் பகிர்ந்து உண்ணும் அளவு இருக்கும். இவ்விரண்டும் பிடித்துப்போன பிறகு தக்கால்பிக்குச் செல்லுங்கள். சுன்ச்சொன் நகரம் புகழ்பெற்றிருப்பதே இதற்காகத்தான். கோச்சுஜாங்கில் ஊறிய கோழியை முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றோடு மேசையிலேயே இரும்புத் தட்டில் வதக்குவார்கள். கடைசியில் மிஞ்சும் மசாலாவில் சோற்றைப் போட்டு வறுக்கச் சொல்லிக் கேட்க மறக்காதீர்கள். மீன் வேண்டும் என்றால், உப்பு மட்டும் தடவிச் சுட்ட கானாங்கெளுத்தியைச் சோறு, சாறு, தொட்டுக்கைகளோடு சேர்த்துத் தரும் எளிய கடைகள் எங்கும் உண்டு. தொங்தெமுன் பகுதியில் அதற்கென்றே ஒரு சந்து இருக்கிறது.

உங்கள் மனைவியின் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. கொரியச் சமையலில் காய்களும் கீரைகளும் மிகுதி, ஆனால் முழுச் சைவம் குறைவு. கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்வது வழக்கம். தொயென்ஜாங் ஜிகே என்னும் சோயா விழுதுக் குழம்பின் அடிச்சாறு பெரும்பாலும் நெத்திலி. கண்ணுக்கு இறைச்சி தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

அவருக்கு நான் முதலில் சொல்வது கொங்குக்சு. ஊறவைத்து வேகவைத்த சோயாவை அரைத்தெடுத்த கெட்டியான குளிர்ந்த பாலில் கோதுமை நூடுல்ஸ் இட்டு, மேலே வெள்ளரித் துருவல் தூவித் தருவார்கள். இது கோடையில் மட்டுமே பல கடைகளில் கிடைக்கும். இதற்கும் உப்பை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஜொல்லா மாகாணத்தில் சர்க்கரை போட்டுச் சாப்பிடுகிறார்கள். அடுத்தது பிபிம்பாப். சோற்றின் மேல் பலவகைக் கீரைகளும் காய்களும் முட்டையும் வைத்து, கோச்சுஜாங் இட்டு, கரண்டியால் நன்றாகக் கலந்து உண்பது. மலைக்கீரைகளால் செய்யும் 'சான்ச்சே பிபிம்பாப்' என்று கேட்டு வாங்குவது நல்லது. மிகப் புகழ்பெற்ற ஜொன்ஜு வகையைச் சைவர்கள் தவிர்க்க வேண்டும். அதன் மேல் மாட்டிறைச்சி வைப்பதோடு, சோற்றையே மாட்டிறைச்சிச் சாற்றில் வேகவைக்கும் மரபும் உண்டு. கோச்சுஜாங்கைத் தனிக் கிண்ணத்தில் தரச் சொல்லுங்கள். சில கடைகள் அதைக் கொத்திறைச்சியோடு வதக்கி வைத்திருப்பார்கள். 'கோகி பெகோ ஜுசெயோ' என்றால் இறைச்சியை நீக்கித் தாருங்கள் என்று பொருள். கோகி என்றால் மீனும் இறாலும் அடங்காது என்று எண்ணுபவர்கள் இருப்பதால், அவற்றையும் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பரங்கிக்காய்க் கஞ்சியான ஹோபக்ஜுக்கையும், தெருவில் சுடச்சுட விற்கும், பழுப்புச் சர்க்கரையும் பட்டையும் கொட்டைகளும் அடைத்த ஹொத்தொக்கையும் அவர் தயக்கமின்றி உண்ணலாம். ஒருநாள் சற்றுக் கூடுதலாகச் செலவிட முடியுமானால், சோகேசா கோயிலின் எதிரே சோகே பௌத்தப் பிரிவினர் நடத்தும் பல்வு கோங்யாங் உணவகத்தில் முன்பதிவு செய்யுங்கள். இறைச்சி, மீன் மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும் இல்லாத கோயில் உணவு அது. கடுகளவு ஐயமும் இன்றி அவர் எல்லாத் தட்டுகளிலும் கைவைக்கக்கூடிய இடம் என்பதே அதன் விலைக்கு நியாயம்.

விலையைப் பற்றி ஒரு சொல். கொரிய நுகர்வோர் நிறுவனம் பிபிம்பாப், சம்கேதாங், கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறான கிம்பாப், குளிர்ந்த நூடுல்ஸான நெங்ம்யோன் உள்ளிட்ட எட்டு உணவுகளின் சராசரி விலையைத் தன் தளத்தில் தொடர்ந்து வெளியிடுகிறது. 2024இல் சியோலில் சம்கேதாங் ஏறத்தாழ 17,000 வொன் (கொரிய நாணயம்), பிபிம்பாப் ஏறத்தாழ 11,000 வொன், ஒரு சுருள் கிம்பாப் ஏறத்தாழ 3,500 வொன் என இருந்தன. சுற்றுலாத் தெருவில் கேட்கும் விலை இதைவிட எவ்வளவு கூடுதல் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: சியோலில் இறைச்சியை மேசையில் சுட்டுத் தரும் ஒரு கடைக்குத் தனியாகச் சென்றேன். ஒரு பங்கின் விலையைப் பார்த்து அமர்ந்தால், இரண்டு பங்கு வாங்கியே தீர வேண்டும் என்றார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? கேட்காமலே வைத்த சின்னத் தட்டுகளுக்கும் பணம் பிடிப்பார்களோ என்று பயந்து அவற்றைத் தொடவே இல்லை.
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: அந்தச் சின்னத் தட்டுகள் பான்ச்சான் எனப்படும் தொட்டுக்கைகள். அவற்றுக்குத் தனி விலை கிடையாது. தீர்ந்தால் மீண்டும் கேட்டும் வாங்கலாம். தண்ணீரும் அப்படியே. அடுத்த முறை தயங்காமல் சாப்பிடுங்கள்.

இரண்டு பங்கு என்பது அடுப்பு மூட்டிப் பரிமாறும் கடைகளில் பரவலாக உள்ள வழக்கம். ஏமாற்று என்று சொல்ல இயலாது. ஆனால் அமர்வதற்கு முன் கேட்டுக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு, கேட்கவும் வேண்டும். தனியாகச் செல்பவர்களுக்குச் சாற்றோடு சோறு தரும் குக்பாப் கடைகளும், கிம்பாப் கடைகளும், நூடுல்ஸ் கடைகளுமே தோது.

பங்கு என்ற சொல்லை மட்டும் பார்த்து விலையை ஒப்பிடாதீர்கள். அருகில் கிராம் அளவு இருக்கும். ஒரு கடையில் 150 கிராம், அடுத்த கடையில் 200 கிராம். சமைக்காத இறைச்சியின் எடை அது. 2013 முதல் வரி உட்பட வாடிக்கையாளர் செலுத்தவேண்டிய முழுத் தொகையையே பட்டியலில் காட்ட வேண்டும் என்பது விதி. பரிமாறுபவருக்கு அன்பளிப்பு (டிப்ஸ்) கொடுக்கும் வழக்கமும் இல்லை. ஆகவே எழுதியுள்ள தொகைக்கு மேல் கேட்டால் தாராளமாக விளக்கம் கேட்கலாம்.

சுவரில் ஒட்டியிருக்கும் இன்னொரு அறிவிப்பையும் பழகிக்கொள்ளுங்கள். இறைச்சி, அரிசி, கிம்ச்சி ஆகியவை எந்த நாட்டைச் சேர்ந்தவை என்று உணவகங்கள் எழுதி வைப்பது சட்டப்படி கட்டாயம். மாட்டிறைச்சியில் 'ஹன்வு' என்பது நாட்டு இனம், விலை மிக அதிகம். உள்நாட்டு இறைச்சி என்று மட்டும் சொன்னால் அது ஹன்வு ஆகிவிடாது. பால்மாட்டு இனமாகவும் இருக்கலாம். ஹன்வு விலை கொடுக்கும்போது அந்தச் சொல் அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். மீன் கடைகளில் விலைக்குப் பதிலாக 'சிகா' என்று இருந்தால் அன்றைய சந்தை விலை என்று பொருள். தொகையைக் கேட்டு எழுதி வாங்கிய பின்னரே வெட்டச் சொல்லுங்கள். தகராறு முற்றினால் 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணை அழைக்கலாம், ஆங்கிலத்திலும் பேசுவார்கள்.

கேள்வி: சென்னையில் கொரியப் பொருள் கடையில் கோச்சுஜாங், கிம்ச்சி வாங்கினேன். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் கிம்ச்சிப் பை பலூன்போல் உப்பிவிட்டது, தூக்கி எறிந்துவிட்டேன். கோச்சுஜாங்கும் சில நேரம் மிகக் காரமாக வாய்க்கிறது. பன்னிரண்டு வயது மகனோ கடுங்கார நூடுல்ஸ் கேட்டு அடம்பிடிக்கிறான். என்ன பார்த்து வாங்குவது?
– வாசகி, சென்னை

பதில்: 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து கொரியக் குடும்பங்கள் வாழும் நகரம் சென்னை. எனவே பொருள் கிடைப்பது எளிது. பார்த்து வாங்குவதுதான் நம் பொறுப்பு.

கிம்ச்சி பையில் அடைத்த பிறகும் புளித்துக்கொண்டேதான் இருக்கும். அப்போது வெளிவரும் கரியமில வாயுவால் பை உப்புவது இயல்பு. அதை மட்டும் கொண்டு கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. குளிர்பெட்டியில் வையுங்கள், தொட்டியின் மேல் பிடித்து மெதுவாகத் திறவுங்கள். நன்கு புளித்ததைக் குழம்புக்கும் வறுத்த சோற்றுக்கும் பயன்படுத்தலாம். பூஞ்சை படர்ந்திருந்தாலோ வழக்கமான புளிப்பு மணத்துக்கு மாறான நாற்றம் வந்தாலோ மட்டும் எறியுங்கள்.

கொரிய கோச்சுஜாங் டப்பாக்களில் காரத்தின் அளவை ஐந்து படிகளாகக் குறிக்கும் முறை இருக்கிறது. முதல் இரண்டு படிகளுக்குள் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சேர்பொருள் பட்டியலில் மாவுப்பாகு முதலிடத்தில் இருந்தால் இனிப்பு தூக்கலாக இருக்கும். கோதுமை ஒவ்வாதவர்கள் அரிசியில் செய்ததா, கோதுமை கலந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். இறக்குமதியாளரின் பெயர், உரிம எண், சைவ அசைவக் குறி, ரூபாயில் அதிகபட்ச விலை ஆகியவை இல்லாத டப்பாவை வாங்கவே வாங்காதீர்கள்.

நூடுல்ஸ் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கடுங்கார வகை வேண்டாம். 2024 ஜூன் மாதம் டென்மார்க் உணவுத் துறை, காரப்பொருளின் அளவு மிகுதி என்று கூறி சம்யாங் நிறுவனத்தின் புல்தாக் நூடுல்ஸ் வகைகளில் மூன்றைத் திரும்பப் பெறச் செய்தது. அடுத்த மாதம் இரண்டுக்குத் தடையை நீக்கிவிட்டு, மிகக் காரமான மூன்றாவதற்கு மட்டும் தடையைத் தொடர்ந்தது. குழந்தைகளைக் குறித்த அச்சமே அந்த நடவடிக்கைக்குக் காரணம். காரம் ஒருபுறம் இருக்க, கொரிய நூடுல்ஸ் பொட்டலங்கள் பலவற்றில் 1,700 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கே நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மகனுக்குக் காரம் குறைந்த வகையை வாங்கி, மசாலாப் பொடியில் பாதியை மட்டும் போட்டு, முட்டையும் காய்களும் சேர்த்துச் செய்து கொடுங்கள்.