பெர்மிட் லெவியிலிருந்து பயிற்சிப் பணம் கிடைக்குமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் உணவகம் நடத்துகிறேன். அந்நியத் தொழிலாளர் ஆறு பேர், உள்ளூர்க்காரர்கள் ஏழு பேர். அவர்கள் வேலை பெர்மிட்டுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி என்ற கட்டணத்தில் ஒரு பகுதியை உள்ளூர்ப் பிள்ளைகளின் சமையல் பயிற்சிக்கு மீட்டுத் தருவதாகச் சொல்லி, ஏஜென்ட் 300 ரிங்கிட் முன்பணம் கேட்கிறார். மெல்பர்னில் இருக்கும் மைத்துனரும் அங்கே அப்படித்தான் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மைத்துனர் சொல்வது ஆஸ்திரேலியாவின் வழக்கம். அங்கே 2018 முதல், திறன் விசாவில் வெளிநாட்டவரை எடுக்கும் முதலாளி கட்டும் தொகை உள்நாட்டுத் தொழிற்பயிற்சிக்கென்றே வசூலிக்கப்படுகிறது. இங்கே மலேசியாவில் குடிநுழைவுத் துறை வாங்கும் லெவி அரசாங்க வருமானத்தில் சேர்ந்துவிடும். தலைக்கு 1,850 வீதம் ஆறு பேருக்கு 11,100 ரிங்கிட் கட்டுகிறீர்கள். அதில் ஒரு காசும் உங்கள் பெயரில் நிற்பதில்லை. ஒரு பங்கையாவது நம் பிள்ளைகளின் பயிற்சிக்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? அந்நியத் தொழிலாளர் விகிதம் கூடினால் தொகையும் கூடும் பல அடுக்கு லெவியையும் வரும், வரும் என்று பலமுறை தள்ளிவைத்தார்கள்.

பயிற்சிக்குரிய லெவி வேறு. அதை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்திடம் கட்டவேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதுதான் ஏஜென்டுகளுக்கு வசதி. மலேசியர் பத்துப் பேர் இருந்தால் சம்பளத்தில் 1 விழுக்காடு கட்டாயம். உங்கள் கடையில் 13 பேர் என்றாலும் கணக்கில் வருவோர் ஏழு பேர்தான்.

ஐந்து முதல் ஒன்பது பேர் வரை உள்ளவர்கள் விரும்பினால் 0.5 விழுக்காட்டில் சேரலாம். ஏழு பேருக்கும் தலா 2,000 ரிங்கிட் சம்பளம் என்றால் மாதம் 70, ஆண்டுக்கு 840. இது உங்கள் கணக்கில் சேரும், பயிற்சிக்கு எடுக்கலாம். ஆனால் சேர்வதுதான் உங்கள் விருப்பம். சேர்ந்தபின் மாதாமாதம் கட்டியே ஆகவேண்டும். தொழிலாளர் சம்பளத்தில் அதைப் பிடிக்கக்கூடாது. வகுப்பு தொடங்குமுன் விண்ணப்பியுங்கள். முடிந்தபின் கேட்டால் கிடைக்காது. இதற்கெல்லாம் ஏஜென்ட் தேவையே இல்லை.

இன்னொரு கண்ணி: வகுப்பே நடத்தாமல், "கையெழுத்துப் போடுங்கள், பயிற்சிப் பணத்தில் பாதியை ரொக்கமாகத் தருகிறோம்" என்று வருவார்கள். அப்படி ஒரு வருகைத் தாளைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு, தேதியோ தீபாவளி! விசாரணை வந்தால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். அப்படி வந்தவர்கள் கைப்பேசியை மூடிவிடுவார்கள்.

ஏஜென்ட் மறுபடி வந்தால் 300 ரிங்கிட் பேச்சை விட்டுவிட்டு, ஆறு பேருக்கும் லெவி கட்டிய குடிநுழைவுத் துறை ரசீதுகளைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள பெயரையும் கடப்பிதழ் எண்ணையும் நீங்களே சரிபாருங்கள்.