ஐம்பது ஓட்டங்களுக்காக ஒரு இரவு ரயில்

கேள்வி: என் வயது 38. சொந்த ஊர் களுவாஞ்சிகுடி. 2023 செப்டம்பரில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி பார்க்க மகனையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பில் இரவு ரயில் ஏறி, விடிய கொழும்பு போனேன். சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. திரும்பும் ரயிலில் மகன், "இனி எனக்கு மெச் வேணாம் அப்பா" என்றான். இன்றைக்கும் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்துக்காவது லங்கா பிரீமியர் லீக்கில் (எல்பிஎல்) ஒரு அணி இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை. நானும் கிரிக்கெட்டை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. "விளையாட்டென்றால் வெற்றியும் தோல்வியும் வரும்தானே" என்று நான் சொல்லப்போவதில்லை. முந்நூறு கிலோமீற்றர் போய், மழை விடும்வரை காத்திருந்து, இந்தியப் பந்துவீச்சாளர் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட்டுகளைச் சரித்ததைப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள். 15.2 ஓவரில் நம் ஆட்டம் முடிந்தது. இந்தியா அதை 6.1 ஓவரில் அடித்துவிட்டது. வீட்டில் இருந்து பார்த்த எனக்கே அன்றிரவு சோறு இறங்கவில்லை.

ஆனால் அன்று நடந்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். அன்று ஒருவர் அருமையாகப் பந்து வீசினார், நம் பையன்கள் தடுமாறினார்கள். அதை மன்னிக்கலாம். நிர்வாகம் நாட்டுக்குச் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டி அதே ஆண்டு நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் சபையான ஐசிசி நம் கிரிக்கெட் சபையை இடைநிறுத்தியது. 2024 ஜனவரியில்தான் தடை நீங்கியது. அதற்குள், இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. சொந்த மண்ணில் ஆடக் காத்திருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் கதிரைகள்தான்.

சரி, யாழ்ப்பாண விஷயத்துக்கு வருவோம். 2020, 2021, 2022, 2024 என்று நான்கு தடவை கிண்ணம் வென்ற அணி அது. ஆனால் அந்த ஆண்டுகளில் ஒரு எல்பிஎல் போட்டிகூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. உரிமையாளர் மாறியதும் ஸ்டாலியன்ஸ் என்ற பெயர் கிங்ஸ் ஆகிவிட்டது. ஊர்ப் பெயரை வாங்கி நடத்தும் அணி அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் அந்தப் பெயரால் ஒரு நன்மை நடந்தது: யாழ்ப்பாணத்துப் பையன் வியாஸ்காந்த் 18 வயதில் அதில் ஆடி, 2024இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் வரை போனார். அதனால் கிழக்குக்கும் ஒரு அணி வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அதற்கு முன்னால், நம் பிள்ளைகள் கடினபந்தில் பழக நல்ல ஆடுகளம் வேண்டும். கடற்கரை மணலிலும் வயல் வெளியிலும் மென்பந்து அடித்தே வளர்கிறார்கள். பதினாறு வயதில் முதன்முதலாகக் கடினபந்தைச் சந்திக்கும் பையனுக்குக் கொழும்புப் பாடசாலைப் பையனோடு எப்படி ஈடு கொடுக்க முடியும்? மாவட்டச் செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். உங்கள் ஊர்க் கழகத்தைக் கூட்டி, பயிற்சி ஆடுகளம் கேட்டு எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கொடுங்கள்.

அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளார் மட்டக்களப்புப் பிள்ளைகளை ஓடவும் பந்தாடவும் பழக்குவதிலேயே தன் காலத்தைக் கழித்தார். மட்டக்களப்பு மைதானத்துக்கு அவர் பெயர் வந்தது அதனால்தான். எங்கேயோ பிறந்தவருக்கு இது சொந்த ஊர் ஆனதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

மகனை வற்புறுத்தாதீர்கள். அவன் ஏமாந்த பிள்ளை, அதை ஆற்றக் காலம் எடுக்கும். ஒரு சனிக்கிழமை பின்னேரம், பக்கத்து ஊரில் கழகச் சுற்றுப்போட்டி நடந்தால் சும்மா சைக்கிளில் கூட்டிப் போங்கள். கரும்பலகையில் சோக்கட்டியால் ஓட்டம் எழுதும் பையன், துடுப்பாட்டக்காரனின் வீட்டுப் பெயரையும் சேர்த்து ஒலிபெருக்கியில் கத்தும் அண்ணன், ஆறு போனால் பந்து தேடி ஓடும் சின்னப் பிள்ளைகள். அங்கே தோற்றவன் அடுத்த நாள் சந்தையில் எதிரே வருவான். ஏன் அப்படி அடித்தாய் என்று நேரிலேயே கேட்கலாம்.

நீங்கள் கிரிக்கெட்டை விட வேண்டாம். 1996 மார்ச் 17 இரவு, கார் பட்டரியில் ஓடிய சின்ன ரிவிக்கு முன்னால் ஒழுங்கையே கூடியிருக்க, உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அரவிந்த டி சில்வா 107 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றதைப் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு வந்த எந்தத் தோல்வியாலும் என்னை வெளியே அனுப்ப முடியவில்லை.

அடுத்த தடவை தம்புள்ளையில் போட்டி வந்தால் மகனிடம் ஒரேயொரு தடவை கேளுங்கள். வருகிறேன் என்றால், இரவு ரயில் வேண்டாம். விடியப் புறப்பட்டு பொலன்னறுவை, ஹபரணை வழியாகப் போனால் போட்டிக்கு முன்பே சேர்ந்துவிடலாம். சோற்றுப் பார்சலை வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.