பவுடர் டப்பாதான் காரணம் என்றால் எப்படி நிரூபிப்பது?

கேள்வி: என் தம்பி வேலூர் சத்துவாச்சாரியில் பளுதூக்கும் பயிற்சி எடுக்கிறான். போட்டியில் எடுத்த சிறுநீர் மாதிரியில் ஸ்டானோசோலால் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு இருந்ததாக தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. புரோட்டீன் பவுடரில்தான் கலந்திருக்கும் என்கிறான். பாதி டப்பா மீதி இருக்கிறது. விசாரணைக் குழு ஏற்குமா?

பதில்: பாதி டப்பாவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். திறந்த டப்பாவில் மருந்து இருந்தால், "பிறகு யாராவது போட்டிருக்கலாமே" என்ற கேள்வி முதலில் வரும். இனி அதைத் தொடாமல், பேட்ச் எண் தெரியும்படி படம் எடுத்து, உறையிலிட்டு ஒட்டிவையுங்கள். அதே பேட்ச்சில் சீல் உடைக்காத டப்பாவைத் தேடி, பில்லோடு வாங்கி, பிரிக்காமலே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதிலும் ஸ்டானோசோலால் கிடைத்தால் வாதத்துக்குக் கால் முளைத்த மாதிரி. பழைய பில், யுபிஐ பதிவு இரண்டும் தம்பி வாங்கியது அந்தப் பேட்ச் புழக்கத்தில் இருந்த காலத்தில்தான் என்று காட்ட உதவும்.

அடுத்தது கணக்கு. ஒரு கரண்டியில் எவ்வளவு மருந்து, எத்தனை நாள் குடித்தான், கடைசியாகக் குடித்து எத்தனை மணி நேரத்தில் மாதிரி எடுத்தார்கள் என்பதெல்லாம் சிறுநீரில் கண்ட அளவோடு பொருந்துகிறதா என ஒரு மருந்தியல் நிபுணர் எழுதித் தர வேண்டும். "மிகக் குறைந்த அளவுதானே" என்று மட்டும் வாதாடினால் எடுபடாது. முன்பு அதிகமாக எடுத்து வடிந்ததன் மிச்சமாகவும் அது இருக்கலாம். இந்த மருந்தின் தடயம் வாரக்கணக்கில் தெரியும்.

மாதிரி கொடுத்தபோது நிரப்பிய படிவத்தில் பவுடர் பெயரை எழுதினானா என்று பாருங்கள். எழுதியிருந்தால் பெரிய பலம். எழுதாவிட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், கதை மாற்ற வேண்டாம். கோச்சும் நண்பர்களும் தரும் "நல்ல பையன்" கடிதங்களுக்கு அநேகமாக எடையே இல்லை. மாதிரி எடுத்ததில் நடைமுறைப் பிழை இருந்தாலும், அந்தப் பிழையே இந்த முடிவுக்குக் காரணமாகியிருக்கலாம் என்று காட்டினால்தான் பயன்.

2021 உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி, மருந்து உடலில் இருந்தாலே மீறல். அதைக் குழு திருப்தியடையும் அளவுக்கு நாடா நிரூபித்தால் போதும். கிரிமினல் கோர்ட் அளவு தேவையில்லை. தம்பியின் பாரம் இன்னும் இலேசு: அவன் சொல்வது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஸ்டானோசோலாலுக்குத் தொடக்கத் தடை 4 ஆண்டு. கலப்படப் பொருள் என்பதும், பெரிய கவனக்குறைவு இல்லை என்பதும் நிரூபணமானால் தடையில்லாத வெறும் கண்டிப்பு முதல் 2 ஆண்டுத் தடை வரை. லேபிளிலோ சாதாரண இணையத் தேடலிலோ மருந்தின் பெயர் தெரிந்திருந்தால் அது கலப்படப் பொருள் ஆகாது.

குற்றச்சாட்டு நோட்டீஸ் கிடைத்த 20 நாளுக்குள் மீறலையும் தண்டனையையும் ஒப்புக்கொண்டால் 1 ஆண்டு குறையும். ஆனால் அதற்குமேல் வேறு சலுகை கேட்க முடியாது. எந்த வழி என்று அந்த 20 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும், எனவே டப்பா தேடுவதை இன்றே தொடங்குங்கள்.

தம்பியின் வயதை எழுதவில்லை. 18 நிரம்பாமல், பரிசோதனைக்கான பதிவுப் பட்டியலிலும் இல்லாமல், வயது வரம்பில்லாத பொதுப் பிரிவில் சர்வதேசப் போட்டி ஆடாமலும் இருந்தால் அவன் 'பாதுகாக்கப்பட்ட நபர்'. பெரிய கவனக்குறைவு இல்லை என்று காட்ட, மருந்து எப்படி உள்ளே போனது என்று நிரூபிக்கும் கட்டாயம் அவனுக்கு இல்லை.